அன்னபூரணம் வீட்டுக்கு வந்த வால்வெள்ளி

எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி கொதிக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பார்கள். அதெல்லாம் மணத்தை வைத்துச் சொல்வது, ஆருக்கும் முடியும். ஆனால் பக்கத்து வளவு அன்னபூரணம் அக்கா, பிள்ளைத்தாய்ச்சியான தன் மருமகளை வால்வெள்ளிக்குப் பயந்து அறைக்குள் வைத்துச் சாத்திய விசயம் மணத்தால் வெளிவரவில்லை. அதற்கு நான் வேலி ஓலையை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்னபூரணம் அக்காவின் மனுசன் ஆழ்வாப்பிள்ளை அண்ணை முந்திப் பண்டாரவளையில் கடை வைத்திருந்தவர். பேச்சையெல்லாம் அங்கேயே விற்றுத் தீர்த்துவிட்டாரோ என்னவோ, அனலைதீவுக்குத் திரும்பியபின் வீட்டில் வாய் திறந்தது குறைவு. ஒரே மகன் ஜெயரூபன் கனடாவில், லீவுக்கு லீவு வந்து போவான். அவன் கட்டிய பெண் பவதாரணி, நாரந்தனைப் பிள்ளை, எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கனடாவுக்குப் போகும் விசா வருமட்டும் மாமியோடு இருக்கிறாள். தாய் இல்லாத பிள்ளை. மாமியை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கவேண்டுமென்று எவ்வளவோ காது கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது முறை அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. முதலாவது போன வருசம் தங்கி, நிலைக்காமல் போனது. அதற்கு முந்தின கிழமைதான் சந்திரகிரகணம். கிரகண நேரம் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, கத்தி, கத்தரிக்கோல், ஊசி தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பவதாரணியோ முற்றத்தில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சந்திரனைக் காட்டிக்கொண்டிருந்தாள். கிரகணத்துக்கும் கருவுக்கும் ஒரு தொடுசலும் இல்லையென்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அதற்குப் பிறகு மாமியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அன்னபூரணம் அக்காவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. ஒரு மாதம் சமைக்காமல் படுத்துக் கிடந்தார்.

இந்த முறை எட்டாம் மாதத்தில் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்: "பிறஷர் கூடுது. நீங்கள் கடல் கடந்து வரவேண்டிய ஆள். பிள்ளை நோ தொடங்குமட்டும் தீவில இருக்க ஏலாது. இப்பவே யாழ்ப்பாணம் போய், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட ஆரும் சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ." சொந்தக்காரர் வீடு ஒழுங்காயிற்று. பையும் அடுக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது வால்வெள்ளி.

விடியப்புறம் கடலுக்குப் போனவர்கள்தான் முதலில் கண்டார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம், சூரியன் எழும்புகிற இடத்துக்குச் சற்று மேலே, புகை கக்கிக்கொண்டு ஒரு வெள்ளி, வால் மேலே பார்த்தபடி. மறுநாள் இன்னும் வெளிச்சம். அதற்கு மறுநாள் அதைவிட. தீவுக்காரருக்கு வெளிச்சத்தில் ஒரே கணக்குத்தான் உண்டு. கடலில் ஒரு லாம்பு வரவரப் பெருத்தால் வள்ளம் எங்களிடம் வருகிறது, சிறுத்தால் போகிறது. இந்தக் கணக்கு கடலில் எவரையும் ஏமாற்றியதில்லை. அதையே தூக்கி வானத்திலும் போட்டார்கள்.

"வருகுது சவுந்தரி. இஞ்சதான் வருகுது" என்றார் அன்னபூரணம் அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"வந்தா வரட்டும், தேத்தண்ணி ஊத்திக் குடுப்பம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவ்வளவு சிரிப்பு இல்லை.

அன்றே யன்னல்களில் பழைய சேலைகள் தொங்கின. வீட்டிலிருந்த கத்தி, அரிவாள், ஊசி எல்லாம் அலுமாரிக்குள் போயின. பவதாரணி திருத்தவேண்டிய பரீட்சைத் தாள்களையும் வாங்கி வைத்துவிட்டார். சிவப்புப் பேனையின் முனையும் கூர்தானாம்.

பவதாரணி பொறுமையாய் விளங்கப்படுத்தினாள். நான் சீனி இரவல் கேட்கப் போனபடியால் முழுவதும் கேட்டேன்.

"மாமி, அது எங்களிட்ட வரேல்லை, சூரியனிட்டப் போகுது. மீன்வாடியில ஐஸ் கட்டி உமிக்குள்ள கிடக்கேக்க ஒண்டும் தெரியாது. தூக்கி வெயிலில வைச்சா ஆவி கிளம்பும், ஒட்டியிருந்த உமியும் கழண்டு வரும். வால்வெள்ளியும் உப்பிடி ஒரு அழுக்கு ஐஸ் கட்டி தான். சூரியனைக் கிட்டக் கிட்ட ஆவியும் தூசியும் கூடக் கிளம்பும். அதில வெயில் பட்டுத்தான் உந்த வெளிச்சம். சூரியனைச் சுத்திக்கொண்டு திரும்பிப் போகேக்க குளிர்ந்து மங்கிப்போகும். பிறகு தேடினாலும் காணேலாது."

"காணேலாதோ?"

"ஓம் மாமி."

"அப்ப அது காணாமப் போன பிறகு யாழ்ப்பாணம் போவம்" என்றார் அன்னபூரணம் அக்கா.

பவதாரணி இதை எதிர்பார்க்கவில்லை. "இல்லை மாமி, இப்பவே போகச் சொன்னவை. விடியத்தானே அது தெரியுது, நாங்கள் பகல் லோஞ்சில போவம்."

"பகலில அது எங்க நிக்கும்?"

"பகலிலயும் வானத்தில தான். சூரியனுக்குக் கிட்ட. வெயிலில எங்கட கண்ணுக்குத் தெரியாது."

படித்தவர்களில் இதுதான் பிழை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஆட்களை ஏற்றிக் கடல் கடக்கிற லோஞ்ச் ஓடுகிறது பகலில். பகல் முழுக்க வால்வெள்ளி தலைக்கு மேலே. அது இறங்கும் நேரத்தில் துறையில் லோஞ்ச் இல்லை. மருமகளின் வாயாலேயே வழி அடைபட்டது. அன்று இரவு ஜெயரூபன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். "அம்மா சொல்லுறதைக் கேளுமன், ரெண்டு நாள்தானே" என்றானாம். போன முறை பட்ட பயம் அவனுக்கும் இருந்திருக்கும். பயத்துக்குக் கனடா ஒரு தூரமில்லை.

எங்கள் ஊர் மருத்துவமாது நிசாந்தினி சைக்கிளில் வந்து படலையில் மணியடித்தபோது, அன்னபூரணம் அக்கா வெளியே வந்து, "அவ யாழ்ப்பாணம் போட்டா, பிள்ளை" என்றார். ஒரு சொல் தடக்கவில்லை. நிசாந்தினி சந்தோசமாய்த் தலையாட்டிக்கொண்டு போனாள். இனிப் பவதாரணியைத் தேடி இந்தத் தீவில் எவரும் வரப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்காரர் கணக்கில் அவள் கடலுக்கு அந்தப் பக்கம். அவளோ எனக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால். நான் ஏன் அப்போதே போய்ச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊரில் மற்றவர் வீட்டுக் கதையைச் சொல்லித் திரிவது வேறு, காட்டிக் கொடுப்பது வேறு என்று நினைத்தேன். இரண்டு நாள்தானே என்றும் நினைத்தேன்.

வால்வெள்ளி பவதாரணியின் சொல்லைக் கேட்டது. கிழக்கில் நாளுக்கு நாள் இறங்கி, விடியல் வெளிச்சத்துக்குள் போய், ஒருநாள் இல்லாமலே போனது. அன்னபூரணம் அக்காவின் முகம் தெளிந்தது. சேலைகள் யன்னலை விட்டிறங்கின. விஜயதசமி முடிய அடுத்த லோஞ்சில் பயணம் என்று முடிவாயிற்று. நான்கூட வழிக்குக் கொண்டுபோக வாய்ப்பன் சுட்டுக் கொடுத்தேன்.

விஜயதசமி பின்னேரம் கோயிலால் வந்துகொண்டிருந்தோம், கையில் அவலும் கடலையும். பொழுது பட்டு, மேற்கு செம்மஞ்சளாய்க் கிடந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். நிமிர்ந்து பார்த்தோம்.

மேற்கே, கடலுக்கு மேலே, அது நின்றது. கிழக்கில் கண்டதைப் போல ஒரு புகைத் துண்டல்ல. தலை வெள்ளை வெளேரென்று, வால் பாதி வானம் ஏறி. கிழக்கால் போய்ச் சூரியனுக்குள் விழுந்து, சூரியனைத் தின்று கொழுத்து மேற்கால் வந்த மாதிரி. கடலை கையிலிருந்து சிந்தியது. எனக்குத்தான், பிறகு பார்த்தபோது அன்னபூரணம் அக்காவின் கையிலும் இல்லை.

அவர் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், என் முழங்கால் அதற்குச் சம்மதமில்லை என்றாலும்.

"மங்குமெண்டீரே! காணாமப் போகுமெண்டீரே! வந்து பாரும் இப்ப! இல்லை, பாக்காதையும், உள்ளுக்க போம்!"

பவதாரணி யன்னல் இடுக்கால் பார்த்துவிட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். யோசித்தாள். "ஓ" என்றாள். "நான் அதை மறந்து போனன். மாமி, பின்னேரம் நீங்கள் முற்றம் கூட்டேக்க, நான் இஞ்ச இருந்து சூரியன் பக்கம் பாத்தா நீங்கள் கிளப்பிற தூசியெல்லாம் பத்தி எரியிற மாதிரித் தெரியும். சூரியனை முதுகுக்கு விட்டுட்டு நிக்கிற உங்களுக்கு அந்தத் தூசி கண்ணிலயே படாது. தூசி ஒண்டுதான். இப்ப அந்த வெள்ளி சூரியனுக்கும் எங்களுக்கும் இடையால போகுது. அதின்ர தூசிக்குப் பின்னால இருந்து வெயில் அடிக்குது. அதுதான் உந்த வெளிச்சம். அது பலத்து வரேல்லை. இன்னும் ஒண்டு, இப்ப எங்களுக்கும் கொஞ்சம் கிட்ட…"

"கிட்டவோ?"

"கோடிக்கணக்கான கிலோமீற்றர் மாமி!"

கோடியை யார் கேட்டது. "கிட்ட" என்ற சொல் விழுந்த இடத்திலேயே அன்னபூரணம் அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். ஆழ்வாப்பிள்ளை அண்ணை கதிரையிலிருந்து எழும்பி, மருமகளின் பையைத் தூக்கி, திரும்பவும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"இனி ஒவ்வொரு நாளும் மங்கும் மாமி. கட்டாயம் மங்கும்" என்றாள் பவதாரணி. அது உண்மைதான். ஒருமுறை பொய்த்துப்போன வாய்க்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது படுகிற நேரம் நான் பின்வளவில் ஓலை பொறுக்குகிற சாட்டில் அவளுடைய யன்னலடிக்குப் போனேன். சேலையை விலக்கினேன். முகம் ஊதியிருந்தது. கட்டிலில் தொங்கிய கால்கள் யாருடைய கால்களோ என்று கேட்கவேண்டியிருந்தது.

"சவுந்தரியக்கா" என்றாள், குரல் அவளுடையதாய் இல்லை. "தலை வெடிக்குது. கண்ணுக்குள்ள வெளிச்சம் மின்னி மின்னிப் போகுது."

அவளுக்குப் பின்னால், அறைக்குள், அன்னபூரணம் அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். "வந்திட்டுது" என்றார். "சேலை கட்டியும் வந்திட்டுது. அது அவளின்ர கண்ணுக்குள்ள இறங்கிட்டுது." துணி ஒன்றை நனைத்து ஓடிவந்து அவள் கண்ணுக்கு மேல் போட்டார்.

பவதாரணி துணிக்குக் கீழிருந்து சொன்னாள்: "துணி போட்டும் மின்னுது மாமி. வெளியால வாற வெளிச்சமெண்டா துணிக்கு மறைஞ்சிருக்க வேணும். இது எனக்குள்ள இருந்து வருகுது." பிறகு, மிகச் சின்னதாய்: "எனக்குப் பயமாயிருக்கு."

அந்த வீட்டில் அத்தனை நாளும் பயப்படாமல் இருந்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயால் அந்தச் சொல் வந்ததும் நான் ஒழுங்கைக்கு ஓடினேன். காட்டிக் கொடுப்பது, கதை சொல்வது என்ற வித்தியாசமெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. நிசாந்தினிக்குப் போன் எடுத்தேன். "அவ யாழ்ப்பாணத்திலயெல்லோ?" என்றாள். "இல்லை பிள்ளை, எனக்குப் பக்கத்தில" என்றேன். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

அவள் வந்து சேர்ந்ததும் செருப்புக் கழற்றவில்லை. பவதாரணியின் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, பார்த்து, திரும்பவும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்பவே கொண்டு போகவேணும். வலிப்பு வந்தா தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் ஊர்காவற்றுறைத் துறைக்கு அம்புலன்சுக்குச் சொல்லுறன். ஆரின்ரயாவது போட்டைக் கேளுங்கோ."

அன்னபூரணம் அக்கா வாசலில் போய் நின்று இரண்டு நிலையையும் பிடித்தார். அவருக்குப் பின்னால், வாசல் சட்டத்துக்குள், மேற்கு வானத்தில் அது. சத்தியமாய்ச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அது அவருடைய தலையில் வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது.

"வெள்ளி படட்டும். அது கடலுக்குள்ள இறங்கினாப் பிறகு கொண்டு போங்கோ. நான் மறிக்கேல்லை. கொஞ்ச நேரம்தானே. போன முறை நான் விட்டுட்டன். இந்த முறை விடமாட்டன்."

"அக்கா, கொஞ்ச நேரம் இல்லை எங்களிட்ட" என்று நிசாந்தினி கத்தினாள்.

"அன்னமக்கா, வெள்ளி மேற்கில. ஊர்காவற்றுறை கிழக்கில. போட்டில ஏறினா அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ ஓடப்போறம்" என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். என்னுடைய வாய் எத்தனையோ இடத்தில் வேலை செய்திருக்கிறது. அங்கே செய்யவில்லை.

பவதாரணி கட்டிலை விட்டு எழும்பினாள். சுவரைத் தடவிக்கொண்டு நடந்து வந்து மாமியின் கைக்குக் கீழால் குனிந்து முற்றத்துக்கு இறங்கினாள். யாரும் பிடிக்க முதல் நடு முற்றத்தில் நின்றாள், முகம் மேற்கே. அன்னபூரணம் அக்கா வீரிட்டார்.

"எங்க மாமி நிக்குது?" என்றாள் பவதாரணி.

நிசாந்தினி அவளைப் பிடிக்க முற்றத்துக்கு இறங்கினாள்.

"வால்வெள்ளி எங்க நிக்குது? எனக்குக் காட்டுங்கோ. நான் பாக்கிறன், ஒண்டும் தெரியேல்லை. மின்னுறது மட்டும் மின்னுது. மாமி, நீங்கள் எங்க நிக்கிறியள்? உங்களையும் தெரியேல்லை."

அவளுக்கு நேரே நின்றது அது, தீவு முழுக்கப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த வெளிச்சம். அவள் கண் அகலத் திறந்து அதற்குக் கீழேயும் மேலேயும் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்னபூரணம் அக்கா நிலையை விட்டார். எப்படி முற்றத்துக்கு வந்தார் என்று நான் காணவில்லை. மருமகளை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்து, "இஞ்ச நிக்கிறன், இஞ்ச நிக்கிறன் பிள்ளை" என்றார். பிறகு எங்களைப் பார்த்துப் பேய் பிடித்தவர் போலக் கத்தினார்: "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்! போட் எங்க?"

போட் ஏற்கெனவே நின்றது. ஆழ்வாப்பிள்ளை அண்ணையை நாங்கள் யாரும் தேடவில்லை. நாங்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோது அவர் பின்படலையால் போய், மீன்பிடிக்கிற பிரசாந்தனைக் கூட்டிவந்து, துறையில் எஞ்சினைப் போடச் செய்திருந்தார். மனுசிக்குச் சொல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாய்த்தான் இருக்கும்.

நானும் ஏறினேன். ஏன் ஏறினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை. காற்று எழும்பியிருந்தது. அலை போட்டின் அடியில் அறைந்துகொண்டு வந்தது. பவதாரணி தளத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள், தலை மாமியின் மடியில். மருமகளைப் பிடிப்பதற்காக அன்னபூரணம் அக்கா எஞ்சின் பக்கம் பார்த்து இருக்கவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மேற்கு. அவ்வளவு நாளும் யன்னலுக்குச் சேலை கட்டிய மனுசி, கடல் முழுக்க அதற்கு முகம் கொடுத்தபடி வந்தார். கண்ணை மூடவில்லை. மூடினால் பிள்ளையைப் பார்க்க ஏலாதே.

நடுக்கடலில் பவதாரணியின் கை விறைத்தது. பிறகு உடம்பு முழுக்க இழுத்து இழுத்து வெட்டியது. வாயில் நுரை. "திருப்பிப் பிடியுங்கோ, பக்கவாட்டில பிடியுங்கோ" என்று நிசாந்தினி கத்தினாள். நான் கால்களைப் பிடித்தேன். அந்தக் கால்களின் பலம் இப்போதும் என் கையில் இருக்கிறது. அன்னபூரணம் அக்கா கடவுளைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். "பவா, பவா" என்று அவளைத்தான் கூப்பிட்டார். பிரசாந்தன் திரும்பிப் பார்க்கவேயில்லை. எஞ்சினை முறுக்கிய முறுக்கில் கடல் எங்களுக்கு மேலால் வந்தது. வெட்டு நின்றபிறகு அவள் மூச்சு விடுகிறாளா என்று, கூட ஏறிவந்த ஆழ்வாப்பிள்ளை அண்ணையோடு நாலு பேரும் குனிந்து பார்த்தோம். எஞ்சின் சத்தத்தில் மூச்சு எப்படிக் கேட்கும். நிசாந்தினி கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள். மூச்சு விட்டது. தாயும் விட்டாள்.

டொக்டர் வெளியே வந்து, "இப்பிடி வருமட்டும் ஏன் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். கடல் பெருத்தது என்று சொல்லலாம். லோஞ்ச் ஓடவில்லை என்று சொல்லலாம். எனக்கு வாய்க்குள் நாலைந்து பொய் தயாராயிருந்தது, அக்காவுக்காகத்தான்.

"நான் தான் மறிச்சனான்" என்றார் அன்னபூரணம் அக்கா. வால்வெள்ளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பவதாரணிக்குக் கண் திரும்பவில்லை. பிறஷர் இறங்க இறங்கத் திரும்பும், அநேகமாய்த் திரும்பும் என்றார்கள். அந்த "அநேகமாய்" என்ற சொல்லை அன்னபூரணம் அக்கா கட்டிலடியில் இருந்து மென்றுகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. மருமகள் ஒவ்வொருமுறை கண் திறக்கும்போதும் முகத்துக்கு நேரே குனிவார். அவள் பார்வை அவரைத் தாண்டி எங்கோ போகும். திரும்ப நிமிர்வார். ஜெயரூபன் போனில் அழுதான். அவர் போனை என்னிடம் தந்துவிட்டார்.

அடுத்த நாள் பொழுதுபட நான் ஆஸ்பத்திரி மேல்மாடி விறாந்தையில் நின்று மேற்கே பார்த்தேன். வால்வெள்ளி நின்றது. ஆனால் வாலைத் தேட வேண்டியிருந்தது. பவதாரணி சொன்னபடியேதான் அது போய்க்கொண்டிருந்தது. இதைப் போய் அக்காவிடம் சொன்னேன். "ஆருக்கு வேணும்" என்றார்.

மறுநாள் காலை. அக்கா கட்டிலோடு தலையைச் சாய்த்து அரை நித்திரையில் இருந்தார். நான் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து நின்றேன். பவதாரணி கண் திறந்தாள்.

"மாமி" என்றாள். "மினுங்குது."

அன்னபூரணம் அக்கா துள்ளி எழும்பினார். கதிரை விழுந்தது. "நேர்ஸ்! நேர்ஸ்! திரும்ப மின்னத் தொடங்கிட்டுது! ஓடி வாங்கோ, திரும்ப வந்திட்டுது!" வாட்டு முழுக்க எழும்பி உட்கார்ந்தது. ஒரு நேர்ஸ் ஊசித் தட்டோடு ஓடிவந்தாள்.

"எங்க மின்னுது? எந்தக் கண்ணில?" என்று நேர்ஸ் கேட்டாள்.

"கண்ணில இல்லை" என்றாள் பவதாரணி. யன்னலால் வந்த காலை வெயில் அன்னபூரணம் அக்காவின் முகத்தில் நேரே விழுந்துகொண்டிருந்தது. பவதாரணி கையைத் தூக்கி, ஒரு தடவலும் இல்லாமல், நேராய் மாமியின் மூக்குத்தியில் விரலை வைத்தாள்.

"இது."